நோலீனும் டங்கன் தெரு அபராதமும்

நோலீன் டாப்செல்லுக்குக் கோபம் வந்தால் முதலில் கத்தரிக்கோலைக் கீழே வைப்பாள். கையில் வைத்துக்கொண்டே கோபப்பட்டதில் ஒருமுறை வங்கி மேலாளரின் இடது காதுக்கு மேலே ஒரு வழுக்கைப் பட்டை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வந்த பழக்கம் அது. நான் சொல்லப்போகும் அந்த ஒரு வருஷத்தில் கத்தரிக்கோல் அவள் கையில் இருந்ததைவிட மேசைமேல் கிடந்ததுதான் அதிகம்.

ஆஸ்திரேலியாவில் எங்கள் சிற்றூரான விராபூலில், டங்கன் தெருவின் நடுவில் அவளுடைய முடிதிருத்தும் கடை. பக்கத்தில் மெர்வ் பாஸ்கோவின் இறைச்சிக் கடை. எதிர்ச்சாரியில் நான் செய்தித்தாளும் லாட்டரிச் சீட்டும் விற்கிறேன். என் கல்லாவுக்குப் பின்னால் நின்றால் அவர்கள் இருவர் கடையும் நேராகத் தெரியும். சண்டை வந்தால் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்.

டங்கன் தெருவில் வண்டியை ஒரு மணி நேரம்தான் நிறுத்தலாம் என்பது வெகுகால விதி. அதைப் பார்த்துக்கொண்டவன் ஊர்க் கவுன்சிலின் ஊழியன் கெல்வின் ஷா. சாக்குக்கட்டியோடு மெதுவாக நடப்பான். டயரில் கோடு போடுவான். ஒரு மணி நேரம் தாண்டியும் வண்டி நகராமல் இருந்தால் நோலீன் கடைக்குள் தலையை நீட்டுவான்.

"நோலீன், வெளிய நிக்கிற பச்சை வண்டி யாரோடது?"

"மிசஸ் பாமராயோடது. இப்பதான் சுருட்டி முடிச்சேன். மருந்து ஊறணும், இன்னும் ஒரு மணி ஆகும்."

"சரி, நான் போய் டீ குடிச்சுட்டு வரேன்."

இப்படியே பல வருஷம் ஓடியது. பிறகு மெல்பர்னிலிருந்து ஒரு புதிய தலைமை நிர்வாகி வந்தார். கவுன்சிலின் வரவு செலவைப் புரட்டிப் பார்த்தவர், பார்க்கிங் அபராதத்தில் இவ்வளவு குறைவாகவா வருகிறது என்று ஆச்சரியப்பட்டாராம். ஜூலை மாதம் நாற்பது டாலராக இருந்த அபராதம் தொண்ணூறைத் தாண்டியது. கெல்வின் கையிலிருந்த சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டு, நேரத்தோடு படம் பிடிக்கும் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். அவன் டீ குடிக்கப் போனாலும் அது போகாது.

டல்சி பாமராய் கோதுமைப் பண்ணையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தானே ஓட்டிக்கொண்டு வருகிறவர். எண்பதைத் தாண்டியவர். கணவர் போன பிறகு வாரத்தில் அவர் வெளியே வருவதே முடிக்காகவும் எங்கள் கடையில் வாங்கும் குறுக்கெழுத்துப் புத்தகத்துக்காகவும்தான். ஆகஸ்டில் ஒருநாள் பெர்ம் செய்துகொண்டு அழகான வெள்ளைச் சுருளோடு வெளியே போனவர், கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் சொருகியிருந்த சீட்டோடு திரும்பி வந்தார். நோலீனிடம் காட்டிவிட்டுக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார். அடுத்த முறை வரவேயில்லை.

நோலீன் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"உடம்பு சரியில்லையா மிசஸ் பாமராய்?"

"உடம்பு நல்லாத்தாம்மா இருக்கு. பக்கத்து ஊர் மால்ல ஒரு பொண்ணு செய்யறா. முடி நல்லா இல்ல. ஆனா வண்டியை நாள் பூரா நிறுத்தலாம்."

நோலீன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நாற்காலியில் இருந்தவரைப் பாதித் தலையோடு விட்டுவிட்டு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கவுன்சில் அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கே முன்மேசையில் இருந்த பெண் மிக இனிமையாகச் சொன்னாளாம், அபராதத் தொகையை நிர்ணயிப்பது கவுன்சிலர்கள், தான் அல்ல என்று. கவுன்சிலரைப் பார்த்தால், பரிந்துரை செய்தது அதிகாரிகள் என்றார். அதிகாரியைப் பார்த்தால், வாக்களித்தது கவுன்சிலர்கள் என்றார்.

திரும்பி வந்து பாதித் தலைக்காரரின் மீதித் தலையை வெட்டிக்கொண்டே சொன்னாள், "கழுவி செட் பண்ண நான் வாங்கற காசுக்கு ரெண்டு மடங்கை அவன் கண்ணாடியில சொருகிட்டுப் போறான். கேட்டா நான் இல்ல அவன், அவன் இல்ல இவன். அப்ப இந்த ஃபைனை ஆகாயத்துல இருந்தா போட்டாங்க?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மெர்வ்தான் அந்த விதையைப் போட்டான்.

"அக்டோபர்ல எலெக்‌ஷன் வருதுல்ல. நீயே நில்லேன்."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்கு. ஆனா ஆளுங்க வரலைன்னா அந்த வேலையும் இருக்காது. எனக்கும்தான். சனிக்கிழமை ஆட்டுத்தொடை வாங்க வர்ற பாதிப் பேரைக் காணோம்."

அதுவும் உண்மைதான். தெருவே களை இழந்துகொண்டிருந்தது. செருப்புக் கடைக்காரர் கடையை விற்கப்போவதாகப் பேச்சு. என் கடையில் செய்தித்தாள் வாங்குகிறவர்கள் வண்டியின் எஞ்சினை நிறுத்தாமல் ஓடி வந்து ஓடிப் போனார்கள்.

நோலீன் நின்றாள். மெர்வ் இறைச்சி மடிக்கும் வெள்ளைக் காகிதத்தில் தடித்த பேனாவால் 'அபராதம் வேண்டாம், நோலீன் வேண்டும்' என்று எழுதி, கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தின் மேலெல்லாம் அதுவே வருகிற மாதிரி செய்தான். சனிக்கிழமை காலைகளில் கடை வாசலில் அடுப்பைப் போட்டு சாசேஜும் வெங்காயமும் வதக்கி ரொட்டியில் வைத்துச் சும்மா கொடுத்தான். தின்ன வந்தவர்களை நோலீன் பிடித்துக்கொண்டாள். அவளிடம் சிக்கியவர் வாக்களிப்பதாகச் சொல்லாமல் தப்பிக்க முடியாது. ஆறு வருஷமாக அந்தப் பதவியில் இருந்தவரைத் தாராளமாகவே தோற்கடித்தாள்.

நவம்பரில் முதல் கூட்டம். பொதுமக்கள் நாற்காலியில் நானும் மெர்வும் போய் உட்கார்ந்தோம். நோலீன் தானே தன் முடியைச் செட் செய்துகொண்டு, நீலக் கோட்டுப் போட்டு, பேசவேண்டியதை எல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். டங்கன் தெரு அபராதம் பற்றிய தீர்மானம் வந்தது. அவள் தொண்டையைச் செருமினாள்.

மேயர் ஆர்தர் லீச் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார்.

"கவுன்சிலர் டாப்செல், உங்க கடை டங்கன் தெருவுலதானே?"

"அது உங்களுக்குத் தெரியாதா ஆர்தர்? நீங்க முடி வெட்டிக்கறதே அங்கதானே."

"அப்ப இந்த விஷயத்துல உங்களுக்குச் சொந்த லாபம் இருக்குன்னு ஆகுது. நீங்க வெளிய போகணும்."

"என்ன?"

தலைமை நிர்வாகி மென்மையாக விளக்கினார். தெருவில் கடை வைத்திருப்பவர் அந்தத் தெரு அபராதத்தைப் பற்றிப் பேசவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது, அறையில் இருக்கவும் கூடாது. சட்டம்.

"இதைப் பத்திப் பேசத்தானே என்னைத் தேர்ந்தெடுத்தாங்க?"

"புரியுது. கதவு இந்தப் பக்கம்."

எங்கள் ஊர் ஜனங்கள் அபராதத்தைப் பற்றிப் பேசவே தேர்ந்தெடுத்த ஒரே ஆள், அபராதத்தைப் பற்றிப் பேசும்போது வெளித் தாழ்வாரத்தில் தேநீர்க் கலத்துக்குப் பக்கத்தில் நின்றாள். யாரோ லாமிங்டன் கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தபோது, காதைக் கதவில் வைத்துக்கொண்டிருந்தவள் கிட்டத்தட்ட தட்டின் மேலேயே விழுந்தாள். மெர்வ் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

ஆனால் தீர்மானம் நிறைவேறியது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். டிசம்பரிலிருந்து டங்கன் தெருவில் ஆறு மாதத்துக்கு அபராதம் கிடையாது, பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று. கெல்வினை நாய் பிடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். நோலீன் அன்றே டல்சிக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் எல்லாருக்கும் சந்தோஷம். மெர்வ் ஹாம் விற்றுத் தீர்த்தான். நானும் வாழ்த்து அட்டைகள் விற்றேன். ஜனவரி கடைசியில்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. காலை எட்டு மணிக்கு நான் கடையைத் திறக்கும்போதே தெரு நிறைந்திருந்தது. வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை, வண்டிகள் மட்டும். வங்கியில் வேலை செய்கிறவர்கள், வீடு விற்கும் ஏஜென்ட்டுகள், கவுன்சில் அலுவலகத்துக்காரர்கள், எல்லாரும் காலையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மாலை ஐந்துக்குத்தான் எடுத்தார்கள். முன்பெல்லாம் அவர்கள் பழைய ஆட்டுச் சந்தைத் திடலில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். அபராதம் இல்லையென்றால் யார் நடப்பார்கள்?

நோலீனின் கடை வாசலுக்கு நேராக நாள் முழுக்க நின்றது மெர்வின் பிக்கப் வண்டி. அதற்குப் பின்னால் மெர்வின் மனைவியின் வண்டி.

ஒருநாள் அவள் வெளியே வந்தாள்.

"மெர்வ், உன் வண்டியைக் கொஞ்சம் எடு."

"ஏன்? யாராவது வர்றாங்களா?"

"வந்தா எங்க நிறுத்துவாங்க?"

"இவ்ளோ தெரு இருக்கே."

"எங்க இருக்கு? காட்டு பாக்கலாம். ஒரு இடம் காட்டு."

மெர்வ் இரண்டு பக்கமும் பார்த்தான். இடம் இல்லை. அதனால் பேச்சை மாற்றினான்.

"நீதானம்மா சொன்ன, ஃபைன் வேண்டாம்னு. நான் பொட்டலத்துல எல்லாம் எழுதி விட்டேன். இப்ப நான் நிறுத்தினா மட்டும் கசக்குதா?"

"வாடிக்கையாளருக்குச் சொன்னேன். உனக்கா சொன்னேன்?"

"சாசேஜ் யாரு கொடுத்தது?"

"ஓ, சாசேஜுக்கு வாடகையா இது? எத்தனை சாசேஜ் சொல்லு, திருப்பிக் கொடுத்துடறேன்."

அன்றிலிருந்து அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மெர்வ் வண்டியை இன்னும் அரை அடி முன்னால் தள்ளி, சரியாக அவள் கதவுக்கு எதிரே நிறுத்த ஆரம்பித்தான்.

ஊரில் கேலி ஆரம்பித்தது. ரொட்டிக் கடையில், "வாங்க கவுன்சிலர், வண்டி எங்க நிறுத்தினீங்க, பக்கத்து ஊர்லயா?" என்பார்கள். என் கடையில் ஒருவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டே, "ஃபைன் இருந்தப்ப காசு போச்சு. இப்ப நேரம் போகுது. காசாவது சம்பாதிச்சுக்கலாம்" என்றார். இதையெல்லாம் நான் நோலீனிடம் சொல்லவில்லை. ஆனாலும் எப்படியோ அவள் காதுக்குப் போய்விடும். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு என்னிடம் வந்து நிற்பாள்.

"ரெக்ஸ், நான் செஞ்சது தப்புன்னு நினைக்கறியா?"

"தப்புன்னு இல்ல. நம்ம ஆளுங்க இப்படிப் பண்ணுவாங்கன்னு நீ நினைக்கல."

"நினைச்சிருக்கணும். முப்பது வருஷமா இவங்க தலையைத்தான் பாத்துட்டிருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு தெரிய வேணாமா?"

ஜூன் மாதம், எங்கள் ஊரில் குளிர்காலம், மழை வேறு. டல்சி பாமராய்க்குப் பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தாள் நோலீன். அந்தப் பச்சை வண்டி தெருவை மூன்று முறை சுற்றியதை நான் பார்த்தேன். பிறகு காணோம். வெகுநேரம் கழித்து, தெருக்கோடியில் தானியக் கிடங்கு இருக்கும் திசையிலிருந்து, சக்கரம் வைத்த நடைசட்டத்தைத் தள்ளிக்கொண்டு டல்சி வந்தார். குடையும் நடைசட்டமும் ஒன்றாகப் பிடிக்க முடியாது. அதனால் குடை இல்லை. நான் ஓடிப்போய் என் குடையைப் பிடித்தேன். கோட்டு முழுக்க நனைந்திருந்தது.

நோலீன் கதவைத் திறந்து அவரைப் பார்த்ததும் துண்டை எடுத்துவந்து தோளில் போட்டாள். சூடாகத் தேநீர் போட்டாள். காலணியைக் கழற்றி, ஹேர் டிரையரை அவர் பாதத்துக்குக் காட்டினாள்.

டல்சி கோபப்படவில்லை. அதுதான் நோலீனை இன்னும் வதைத்தது என்று நினைக்கிறேன்.

"எனக்காக நீ இவ்ளோ போராடினேம்மா. சொல்லக் கூடாதுதான். ஆனா ஃபைன் இருந்தப்ப இடமாவது கிடைச்சுது."

நோலீன் தலை குனிந்து டிரையரை மற்றப் பாதத்துக்கு மாற்றினாள்.

"நான் சரி பண்றேன் மிசஸ் பாமராய்."

"நீ சரி பண்ணினதுதாம்மா இது."

இதை டல்சி கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆறு மாதம் முடிந்து விஷயம் மறுபடி கவுன்சிலுக்கு வரவேண்டிய நேரம். நோலீன் தலைமை நிர்வாகியிடம் போனாள். இந்தத் தடவை தான் பேசியே ஆகவேண்டும், அபராதம் வேண்டும் என்று பேசப்போவதாகச் சொன்னாள்.

"உங்க கடை இன்னும் டங்கன் தெருவுலதானே இருக்கு?"

"கடையைத் தூக்கித் தோள்ல வச்சுட்டா வர முடியும்?"

"அப்ப நீங்க வெளியதான் இருக்கணும்."

"வேண்டாம்னு சொல்ல வந்தேன், வெளிய போன்னீங்க. வேணும்னு சொல்ல வர்றேன், அதுக்கும் வெளிய போங்கறீங்க. தெருவுல நடக்கற யாரு வேணா பேசலாமா?"

"பொதுமக்கள் கேள்வி நேரத்துல யார் வேணும்னாலும் மூணு நிமிஷம் பேசலாம்."

"யார் வேணும்னாலும்."

"கவுன்சிலர் அல்லாத யார் வேணும்னாலும்."

மறுநாள் காலை நோலீன் கவுன்சிலர் பதவியை விட்டாள். அவளுக்கு அடுத்தபடியாக வாக்கு வாங்கியிருந்த பழைய ஆள், அவள் தோற்கடித்த அதே ஆள், திரும்பவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரில் பாதிப் பேர் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். மீதிப் பேர் எப்போதுமே அப்படித்தான் என்றார்கள்.

கூட்டத்தன்று பொதுமக்கள் நாற்காலிகள் போதவில்லை. கடைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தோம். மெர்வ் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாய் பிடிக்கும் சீருடையோடு கெல்வினும் வந்திருந்தான். அபராதம் திரும்ப வந்தால் அவனும் பழைய வேலைக்கு வருவானா என்று நான் கேட்டேன்.

"வரமாட்டேன் ரெக்ஸ். நாய் கடிக்கும், அவ்ளோதான். என் அம்மாவைப் பத்திப் பேசாது."

நோலீனைக் கூப்பிட்டார்கள்.

"பேர் சொல்லுங்க," என்றார் மேயர்.

"போன மாசம் வரைக்கும் உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் ஆர்தர்."

"பதிவுக்காகக் கேக்கறேன்."

"நோலீன் டாப்செல். முடி வெட்டறவ. ஃபைன் வேண்டாம்னு சொல்லித்தான் ஜெயிச்சேன். அது தப்பு. ஃபைன் வேணும். எவ்ளோங்கறதுதான் விஷயம். தொண்ணூறுன்னா, ஒரு நாள் நேரமானதுக்கு வயசானவங்க ஊருக்கே வராம போயிடறாங்க. ஒண்ணுமே இல்லைன்னா, கடை வச்சிருக்கற நாமளே நம்ம கடை வாசலை அடைச்சுக்கறோம். நான் யாரையும் தனியா சொல்லல."

எல்லாரும் திரும்பி மெர்வைப் பார்த்தார்கள். அவன் கூரையைப் பார்த்தான்.

"பழைய நாப்பதே போதும். தினமும் நாப்பது கட்டி இங்க யாரும் வண்டி நிறுத்தப் போறதில்ல. ஒருநாள் மறந்தவங்களுக்கு அதுல கோவம் வரும், ஆனா அழுகை வராது. முதல் தடவை காசு வேண்டாம், எச்சரிச்சு விடுங்க. ஒரு மணி நேரத்தை ரெண்டு மணி ஆக்குங்க. ஒரு பெர்முக்கு ரெண்டு மணி ஆகும், அதை எந்தத் தீர்மானம் போட்டும் குறைக்க முடியாது. வேலை செய்யறவங்க ஆட்டுச் சந்தைத் திடல்ல நிறுத்தட்டும். அங்க சேறு. அதனால ரெண்டு லாரி ஜல்லி கொட்டிக் கொடுங்க."

மணி அடித்தது. மூன்று நிமிஷம் முடிந்தது. அவள் உட்கார்ந்தாள்.

பிறகு நடந்தது செம்மறி ஏலம்தான். ஒருவர் நாற்பது என்றார். ஒருவர் எழுபது என்றார். நிதி நிலைமை என்று தலைமை நிர்வாகி ஆரம்பித்தார். கடைசியில் ஐம்பதில் நின்றது. எச்சரிக்கைக்கு ஒப்புக்கொண்டார்கள். ஜல்லிக்கு ஒப்புக்கொண்டார்கள். நேரத்தில்தான் இழுபறி. ஒரு மணியா இரண்டு மணியா என்று வெகுநேரம் பேசிவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் மனக்குறை வேண்டாம் என்று தொண்ணூறு நிமிஷமாக்கினார்கள்.

"ஆர்தர்," என்று எழுந்தாள் நோலீன்.

"உங்க நேரம் முடிஞ்சுபோச்சு மிசஸ் டாப்செல்."

"தொண்ணூறு நிமிஷத்துல பாதிச் சுருள்தான் நிக்கும். பாதித் தலையோடயா அனுப்பறது?"

"உக்காருங்க."

வெளியே வந்ததும் அவள் என் கையிலிருந்த பையை வாங்கித் தரையில் அடித்தாள். அதில் என் மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் இருந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டாள்.

ஆகஸ்டிலிருந்து புது விதி. கெல்வின் இடத்துக்கு வந்த பெண் கண்டிப்பானவள், ஆனால் சண்டைக்காரி அல்ல. முதல் வாரத்திலேயே வங்கிக்காரர்களும் ஏஜென்ட்டுகளும் சந்தைத் திடலுக்குப் போய்விட்டார்கள். மெர்வ் எச்சரிக்கை வாங்கினான், அடுத்த நாள் ஐம்பதும் வாங்கினான். பிறகு அவனும் போனான். தெருவில் மறுபடியும் இடைவெளிகள் தெரிந்தன. சனிக்கிழமை கூட்டம் ஓரளவு திரும்பியது. முழுக்கத் திரும்பவில்லை. செருப்புக் கடை மூடியே போய்விட்டது. அந்த மனிதர் போகும்போது, அபராதம் ஒரு காரணமே இல்லை, ஜனங்கள் போனிலேயே செருப்பு வாங்குகிறார்கள் என்றார்.

தொண்ணூறு நிமிஷத்துக்கு அவள் கண்டுபிடித்த வழி இதுதான். பெர்முக்கு வருகிறவர்கள் வண்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். மருந்து ஊறும் நேரத்தில் அவளே வெளியே ஓடிப்போய், வண்டியை எடுத்து வேறு இடத்தில் நிறுத்திவிட்டு வருவாள். விதியில் அதற்குத் தடை இல்லை. ஒரு நாளைக்கு நாலைந்து வண்டி. மேலங்கியோடு, முனகிக்கொண்டு, கியர் தெரியாத வண்டிகளை இழுத்துக்கொண்டு அவள் அலைவதை நான் கல்லாவிலிருந்து பார்ப்பேன்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. டல்சி நாற்காலியில் இருந்தார், தலை முழுக்கச் சுருட்டி. நோலீனின் இரண்டு கையிலும் கையுறை, கையுறை முழுக்க மருந்து. பார்க்கிங் பெண் தெருமுனையில் திரும்பிவிட்டாள். நான் சாலையைக் கடப்பதற்குள் மெர்வ் தன் கடையிலிருந்து வந்து நோலீன் வாசலில் நின்றான். எட்டு மாதமாக அவர்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சாவியைக் கொடு."

நோலீன் அவனைப் பார்த்தாள். "உன் கையில ரத்தம்."

"உன் கையில அமிலம். எது மோசம்?"

அவள் முழங்கையால் மேசையைக் காட்டினாள். அவன் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தான். பச்சை வண்டி இரண்டு குலுக்கல் குலுங்கிப் புறப்பட்டு, என் கடைக்கு முன்னால் காலியாக இருந்த இடத்துக்கு வந்து நின்றது. பார்க்கிங் பெண் கருவியை உயர்த்திப் பார்த்துவிட்டு நடந்து போனாள். மெர்வ் இறங்க முடியாமல் கொஞ்ச நேரம் தவித்தான்.

திரும்பி வந்து சாவியை மேசையில் வைத்தான்.

"சீட்டை இவ்ளோ முன்னாடி இழுத்து வச்சிருக்கீங்களே மிசஸ் பாமராய். முழங்கால் தாடையில இடிக்குது."

"உன்னை யாருப்பா ஓட்டச் சொன்னது?" என்றார் டல்சி, கண்ணை மூடியபடி.

"தொண்ணூறு நிமிஷம்னு போட்டாங்கல்ல, அவங்களைக் கேளுங்க," என்றாள் நோலீன். "அடுத்த மாசம் கேள்வி நேரம் இருக்கு. போறேன். நீயும் வா மெர்வ். பேசாத, சும்மா நில்லு."

மெர்வ் கடைக்குப் போய், ஒரு பொட்டலத்தில் நாலு ஆட்டுச் சாப்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து, அவள் கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.